எல்லோரையும் கேட்டுத்தான் செய்வார்

உலகத்தில் கேட்காமல் செய்கிறவர்கள் உண்டு. கேட்டுவிட்டுக் கேட்டபடியே செய்கிறவர்களும் எங்கோ இருப்பதாகக் கேள்வி. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ஜாதி ஒன்று இருக்கிறது: எல்லோரையும் கேட்டுக்கொண்டு, முன்பே முடிவு செய்ததைச் செய்கிறவர். இவரை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கலியாணமோ கக்கூஸ் குழாயோ, "உங்க அபிப்பிராயம் என்ன?" என்று இவர் கேட்காத ஆளே கிடையாது.

நம்முடையவர் பள்ளிக்கூடத்தில் ஆட்சிமுறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். ஒருவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பது மன்னராட்சி, நாலு பேர் சேர்ந்து அமுக்குவது சிறுகுழு ஆட்சி, எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுப்பது மக்களாட்சி என்று வருஷா வருஷம் சொல்லிவிட்டு, "எங்க வீட்டையே எடுத்துக்குங்க" என்பார். பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கென்ன, அந்த வீட்டிலா இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் கூட்டம். டம்ளரில் ஸ்பூனால் மூன்று தட்டு. தலைவர் அவர், நடவடிக்கைக் குறிப்பு எழுத மனைவி, பொதுமக்களாக மகனும் மகளும். திரைச்சீலைக்கு என்ன நிறம் என்று ஒரு தடவை ஓட்டெடுத்தார்கள். மூன்று பேர் நீலம் என்றார்கள். மாலையில் பழுப்புத் திரை வந்து தொங்கியது. அதைத் தைக்கக் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"மூணு பேரும் நீலம்னுதானே சொன்னோம்?" என்றான் மகன்.

"சொன்னீங்க. ஆனா என்ன நீலம்னு உங்களுக்குள்ளயே ஒரு தெளிவு இல்லையே."

திரையோடு போயிருந்தால் பரவாயில்லை. மகள் ரத்தப் பரிசோதனை வேலைக்குப் படித்தவள். வேறு ஊர் மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்தது. அவள் நாயாய் அலைந்து வாங்கிய வேலை. திங்கள் மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஸ்பூன் தட்டப்பட்டது. போகலாம் என்று மூன்று கைகள் எழுந்தன. தலைவர் கை மேஜையிலேயே கிடந்தது.

"இது வெறும் பெரும்பான்மை. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஏகமனதா முடிவு வேணும். ஒரு துணைக்குழு போடுவோம். அடுத்த ஞாயிறு அறிக்கை வரட்டும்."

"துணைக்குழுல யாரு?" என்றாள் மகள்.

"நான்தான்."

"அப்பா, நாளைக்கு அஞ்சு மணியோட முடியுதுப்பா."

"அவசரப்பட்டுத்தாம்மா சர்வாதிகாரத்தை வரவழைச்சுக்கறாங்க."

உண்மையைச் சொல்லிவிடலாம். மகள் போய்விட்டால் அவள் நாற்காலி காலியாகிவிடும். பள்ளியிலிருந்து வந்ததும் அவருக்குக் கதை பேச ஆள் இருக்காது. "போகாதேம்மா, எனக்கு வீடு வெறிச்சுன்னு ஆயிடும்" என்று வாய் திறந்து சொல்லியிருந்தால் அவள் கண் கலங்கியிருப்பாள். ஒருவேளை வேலையில் சேருவதை ஒரு மாதம் தள்ளிக்கூடக் கேட்டிருப்பாள். ஆனால் மக்களாட்சியில் தலைவர் அப்படியெல்லாம் கெஞ்சலாமா? துணைக்குழு போட்டார்.

மனைவி பேனாவை மூடினாள்.

"கூட்டம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அப்ப இது கூட்டத்துல சேராது. அவ போறா."

"என்ன இது, யாரையும் கேக்காம..."

"கேட்டாச்சு. மூணு கை தூக்கினோம், நீங்களும் பாத்தீங்க. இருபத்திமூணு வருஷமா இந்த நோட்டுல எழுதறேன். நாங்க சொன்னது ஒண்ணுகூட நடக்கல. எனக்கு அலுத்துப்போச்சுங்க."

அவர் ஸ்பூனை எடுத்தார். தட்டவில்லை. கீழே வைத்துவிட்டார். மறுநாள் மகள் நாலு மணிக்கே பதில் சொன்னாள். வியாழக்கிழமை பெட்டியோடு பஸ் ஏறினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான்.

அடுத்த ஞாயிறு பத்து மணி. மகன் விளையாடப் போய்விட்டான். மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து, அவரே டம்ளரைத் தட்டி, அவரே நோட்டைத் திறந்து எழுதினார்: "மகள் வேலைக்குச் செல்ல, சென்ற ஞாயிறு என்று முன்தேதியிட்டு, ஏகமனதாக அனுமதி அளிக்கப்படுகிறது." கையெழுத்துப் போட்டதும் எழுத்து கொஞ்சம் கலங்கித் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு, "நான் இப்படிப்பட்ட ஆளா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஒருவர் "ஆமா" என்று சொல்லி, இன்னொருவர் "அப்பப்ப" என்று இழுத்தால் பயமில்லை. எல்லோரும் ஒரே குரலில், "சேச்சே, இல்லவே இல்ல" என்றால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.