கண்ணாடி அலமாரியில் பத்து அவதாரம்

“தசாவதாரச் சீட்டுல என்னை ஜெயிக்க இந்த ஜில்லாவுலயே ஆள் கிடையாது!” என்பார் ராமானுஜன். சித்தூர் தனி, திருப்பதி தனி என்று பிரித்த பிறகு, “ரெண்டு ஜில்லாவுலயும்” என்று திருத்திக்கொண்டார்.

உண்மைதான். இரண்டு ஜில்லாவிலும் வேறு யாருக்கும் அந்த ஆட்டமே தெரியாது.

வாசகரே, இந்த இனத்துக்குச் சீட்டுச் சரித்திரக்காரர் என்று பெயர். அலிபிரி பக்கம் ஏதாவது கல்யாண மண்டபத்தில் நாலு பேர் நிம்மதியாக ரம்மிக்கு உட்கார்ந்தால் மோப்பம் பிடித்து வந்துவிடுவார்; “இதெல்லாம் ஒரு சீட்டா?” என்று ஆரம்பித்து, பாரசீகத்தில் கிளம்பி, மொகலாயர் அரண்மனையில் தந்தச் சீட்டாகி, ஒடிசாவில் துணிமேல் புளியங்கொட்டைப் பசை பூசிக்கொண்டு, சாவந்த்வாடியில் அரக்கு மெருகேறி, மைசூர் மகாராஜாவிடம் மரியாதை வாங்கி, ஒன்பதாவது அவதாரம் பலராமனா புத்தரா என்று தனக்குத்தானே சண்டையும் போட்டு முடிப்பதற்குள் பந்தியில் பாயசம் தீர்ந்திருக்கும். ஒரு தடவையாவது ஆடியிருக்கிறாரா? ஆடினால் சீட்டு அழுக்காகிவிடாதா!

அவதாரத்துக்கு ஒரு வகையாகப் பத்து வகை கொண்ட அந்த வட்டச் சீட்டுகள் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் கொலுவிருக்கின்றன. மனைவி அலர்மேல் முன்பு அங்கே வைத்திருந்த கொலு பொம்மைகள் கட்டிலுக்கடியில் சாக்கில். அலமாரியில் ஒரு தசாவதாரம். சாக்கில் ஒரு தசாவதாரம்.

போன ஞாயிறு மத்தியானம் அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

“ஏன்னா, ஆடிப் பாத்துடலாம். நான் ஜெயிச்சா அலமாரி என் பொம்மைக்கு.”

“உனக்கு ஆட்டம் தெரியுமோ?”

“கல்யாணமான நாள்லேர்ந்து காதுல ஓதிண்டே இருக்கேளே, தெரியாம போகுமா?”

மூன்றாவது கைக்கு, இதே பிரசங்கத்தைச் சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டே ஆட்டம் பழகிய பக்கத்து வீட்டுச் சந்திரம்மா வந்தாள். முதல் ஆட்டம் அலர்மேலுக்கு. “இது ஒத்திகை” என்றார் ராமானுஜன். மறுபடி போட்டார்கள்.

பகலில் ராமர் வகையின் ராஜாச் சீட்டை வைத்திருப்பவர் முதலில் இறங்க வேண்டும்; இரவில் கிருஷ்ணர் ராஜா. ஊருக்கெல்லாம் அவரே ஒப்பித்த சட்டம். ராமர் மறுபடியும் அலர்மேல் கையில். கிருஷ்ணர் இவர் கையில். ராமானுஜன் பாரசீகத்துக்குக் கிளம்பினார்.

“இன்னா சாமி, பேசிக்கினே கீறீங்க? அக்கா எறங்கட்டும். ஊட்ல அடுப்புமேல கொழம்பு கீது!” என்றாள் சந்திரம்மா.

அலர்மேல் ராமரை உருவினாள்.

வாசகரே, இந்த இடத்தில் அவர் என்ன செய்தார் என்று நீங்களாகவே ஊகித்துவிட்டீர்களானால் கொஞ்சம் ஜாக்கிரதை. அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

ராமானுஜன் எழுந்துபோய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். திரையை இழுத்துவிட்டார். டியூப்லைட்டைப் போட்டார்.