முந்நூற்று அறுபத்தாறு பெட்டிகளும் ஒரு பரணும்

காலை ஆறு ஐம்பது. பின் அறையில் காலணிப் பெட்டிகள் முந்நூற்று அறுபத்தாறு. நடுவே நிற்கும் என் பெயர் காலண்டர். பெற்றோர் வைத்த பெயர் அல்ல, அலுவலகம் வைத்தது. ஒரு நாளிதழில் இருபத்திரண்டு வருடமாக 'இதே நாளில்' என்ற பத்தியை எழுதிவருபவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

ஒரு நாளுக்கு ஒரு பெட்டி. பிப்ரவரி இருபத்தொன்பதுக்கும் உண்டு. எங்கள் துணையாசிரியரைப் போல அதற்கு நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் வேலை. பெட்டிக்குள் அட்டைகள். அன்று நல்லது நடந்திருந்தால் நீல அட்டை, கெட்டது நடந்திருந்தால் மஞ்சள் அட்டை. கடையில் நான் அடிக்கடி வாங்குவது மஞ்சள்தான்.

சுவரில் கண்ணாடி போட்டு ஒரு வாசகம் மாட்டியிருக்கிறேன்: 'அட்டையில் இல்லாதது நடக்கவில்லை.' முன்பு ஒருமுறை ஞாபகத்தை நம்பி, உயிரோடு இருந்த பாடகர் ஒருவருக்கு நினைவஞ்சலி எழுதிவிட்டேன். அவரே தொலைபேசியில் கூப்பிட்டு, தன் குரல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அன்று ஆசிரியர் போட்ட விதி அது. அலுவலகத்தில் மட்டுமல்ல, வீட்டிலும் அதையே பின்பற்றினேன். பால் வாங்கச் சொன்னதாக மனைவி சொன்னால், "அட்டை இருக்கா?" என்பேன்.

மனைவி தையல் வகுப்பு நடத்துகிறாள். ஹாலில் ஐந்து தையல் மிஷின், துணி வெட்ட ஒரு மேசை, எட்டு மாணவிகள். என் சாய்வு நாற்காலிக்குப் போய்ச் சேர நான் இரண்டு சட்டைக் கைகளையும் ஒரு கவுனையும் தாண்ட வேண்டும். அந்த ஜன்னலோர நாற்காலியும் பின் அறையும்தான் எனக்கு மிச்சம்.

ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் பின் அறைக்கும் ஆபத்து வந்தது.

"ஏங்க, இந்தப் பெட்டியெல்லாம் எப்ப பரணுக்குப் போகும்?"

"பரணுக்கா? வரலாறும்மா இது!"

"வரலாறு எங்க இருந்தாலும் வரலாறுதான். மிஷின் அப்படி இல்ல, வெளிச்சம் வேணும். அந்த ரூம்லதான் ரெண்டு ஜன்னல் இருக்கு. போன வாரம்கூட ரெண்டு பேரை இடமில்லைன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

'முடியாது' என்று சொல்லி ஜெயித்த கணவன் ஒருவன்கூட என் அட்டைகளில் இல்லை. எனவே அந்த இடத்திலேயே ஒரு மகத்தான தீர்மானம் செய்தேன். இனி 'சரி' என்று மட்டுமே சொல்வேன். தேதியை வரலாறு பார்த்துக்கொள்ளும்.

"தாராளமா மாத்தலாம். தேதியை மட்டும் நீ சொல்லு."

"ஏப்ரல் பதினஞ்சு?"

பெட்டியைத் திறந்தேன். மஞ்சள் அட்டையை எடுத்தேன். "மூழ்கவே மூழ்காதுன்னு சொன்ன கப்பல் மூழ்கின நாள். ஆயிரத்து ஐநூறு பேர் போயிட்டாங்க. அன்னிக்குப் போய் ஒரு நல்ல காரியமா?"

"அப்ப பதினெட்டு?"

"பூகம்பம். ஒரு நகரமே தரைமட்டம்."

"மே ஆறு?"

"ஆகாயக் கப்பல் எரிஞ்சு விழுந்த நாள்."

"மே இருபத்தொம்போது?"

"ஆயிரம் வருஷப் பேரரசோட தலைநகர் விழுந்த நாள்மா. யோசிச்சுப் பாரு."

அவள் யோசிக்கவில்லை. "சரி" என்றாள். அந்த 'சரி' என்னைக் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. வருடத்தில் முந்நூற்று அறுபத்தாறு நாளுக்கும் என் கையில் ஒரு அழிவு தயாராக இருந்தது. உலகத்திலேயே பாதுகாப்பான கணவன் நான்தான்.

அலுவலகத்தில் பிழை திருத்துபவரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரு வரிக்கு மேல் பேச மாட்டார். அதனால் அவர் பெயர் முற்றுப்புள்ளி.

"அந்தப் பெட்டிகளை தினம் தூசி தட்டுறது யாரு சார்?" என்று கேட்டார்.

"என் மனைவிதான்."

"ஓ" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

ஜூன் மாதம் அவள் மறுபடி கேட்டாள்.

"பதினெட்டாம் தேதி எப்படி?"

"ஐயோ! ஒரு சக்கரவர்த்தி போர்ல தோத்து, அவர் கதையே முடிஞ்ச நாள்."

"ஒருத்தர் தோத்தா எதிர்ல இன்னொருத்தர் ஜெயிச்சிருப்பார்ல?"

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "ஜெயிச்சவங்க பக்கமும் ஏகப்பட்ட சேதம்மா" என்று சமாளித்தேன்.

"சரி" என்று தூசித்துணியை எடுத்துக்கொண்டு பின் அறைக்குள் போனாள். அன்று தூசி தட்ட அவளுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. என்ன சுத்தமான பெண் என்று நாற்காலியில் சாய்ந்தபடி வியந்தேன்.

ஜூலை பதினாறு. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள்.

"வர்ற இருபதாம் தேதி?"

"பார்த்துச் சொல்றேன்" என்று எழுந்தேன். ஐந்து மிஷினும் நின்றன. எட்டு மாணவிகளும் என் பின்னாலேயே வந்து அறை வாசலில் நின்றார்கள். கூட்டம் இருந்தால் என் குரல் இன்னும் கம்பீரமாகும். பெட்டியை எடுத்து, திறந்து, உள்ளே கை விட்டேன்.

நீலம்.

இன்னொரு நீலம்.

இன்னும் ஒரு நீலம். அவ்வளவுதான்.

"படிங்க" என்றாள்.

"1919. எவரெஸ்ட் உச்சியில முதல்ல நின்ன ரெண்டு பேர்ல ஒருத்தர் பிறந்தார்."

"ம்."

"1969. மனுஷன் நிலாவுல இறங்கினான்."

"அப்புறம்?"

"1976. செவ்வாய்ல ஒரு விண்கலம் இறங்குச்சு."

"ஒருத்தர் மலைக்குப் போனார். ஒருத்தர் நிலாவுக்கே போனார். ஒரு மிஷின் செவ்வாய்க்குப் போச்சு. நம்ம பெட்டி ஏழடி உயரத்துல இருக்கிற பரணுக்குப் போகக் கூடாதா?"

மாணவிகளில் ஒருத்தி சிரித்தாள். நான் பெட்டியைக் கவிழ்த்து உதறினேன். தூசிகூட விழவில்லை.

"இதுல மஞ்சள் அட்டை இருந்துச்சே! அன்னிக்கு ஒரு சதி நடந்துச்சும்மா!"

"என்ன சதி?"

"சட்டுனு ஞாபகம் வரல. ஆனா சதி நடந்திருக்கு, எனக்கு நல்லாத் தெரியுது."

"அட்டை இருக்கா?"

கழுத்திலிருந்த நாடாவை உருவி, அதன் நுனியால் சுவரைக் காட்டினாள். எட்டு மாணவிகளும் ஒரே குரலில் வாசித்தார்கள்: "அட்டையில் இல்லாதது நடக்கவில்லை."

"மே இருபத்தொம்போது கேட்டேன், நகரம் விழுந்துச்சுன்னு சொன்னீங்க" என்றாள். "அதே பெட்டியில எவரெஸ்ட் ஏறின அட்டையும் இருந்துச்சு. அதை ஏன் படிக்கல?"

"அது... இடம் போதாம பத்தியில விட்டுப்போறது உண்டும்மா."

"எனக்கு நாள் பார்க்கிறதுல எல்லாம் நம்பிக்கை இல்லீங்க. உங்களுக்குத்தான் இருக்கு. அதான் மெனக்கெட்டு ஒரு நல்ல நாளாத் தேடிப் பிடிச்சேன். பரணை அளந்தும் ஆச்சு. முப்பது முப்பதா பன்னெண்டு அடுக்கு. மிச்சம் ஆறு பெட்டி உங்க கைக்கு. வாரத்துல ஆறு நாளுக்கு வேண்டியதைக் கீழ வச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை லீவு."

இருபதாம் தேதி நான் ஏணியில் ஏறினேன். மாணவிகள் சங்கிலி போல நின்று ஜனவரியிலிருந்து பெட்டிகளைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். அக்டோபர் வரும்போது என் இடுப்பு மஞ்சள் அட்டைக்குத் தகுதி பெற்றிருந்தது. மாலைக்குள் மூன்று மிஷின்கள் பின் அறைக்குப் போய்விட்டன. திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு பேரும் மறுநாளே வந்து சேர்ந்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் நூல் கோப்பது சுலபமாக இருக்கிறதாம். எனக்கும் அது தெரிந்தது. ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை.

காணாமல் போன மஞ்சள் அட்டைகளை ஒரு வருடம் தேடினேன். ஊசி டப்பா, பட்டன் டப்பா, மாதிரி வெட்டிய காகிதக் கட்டு என்று எதையும் விடவில்லை. மறு வருடம் ஜூலை இருபதாம் தேதிப் பத்தியை எழுத, அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். மஞ்சள் அட்டைகள் பதினொன்றும் உள்ளே இருந்தன. அடுக்கி, நூல் கட்டி. மேலே இருந்தது 1944: சர்வாதிகாரி ஒருவனைக் குண்டு வைத்துக் கொல்லப் போட்ட சதி, தோல்வி.

அதற்கும் மேல் புதிதாக ஒரு நீல அட்டை. அவள் கையெழுத்து. 'போன வருடம் இதே நாளில்: இன்னொரு சதி. வெற்றி.'

அட்டையில் இருப்பதை நான் மறுப்பதில்லை.

அதை அலுவலகத்துக்கு எடுத்துப்போய் முற்றுப்புள்ளியிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். பிழை எதுவும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

அதே வருடம், ஆகஸ்ட் 3: ஹாலில் இருந்த சாய்வு நாற்காலி பரணில் ஏற்றப்பட்டது.