இரண்டு வரி மேலே

"நம்பர் எறங்கிக் கெடக்கு தாயி," என்றாள் மாயம்மாள் இன்டர்காமில். "கட்டத்துக்குக் கீழ ரெண்டு வரி."

நூல் பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கரைத்தான் சொன்னாள். லாட் நம்பருக்கென்று அதில் ஒரு கட்டம் உண்டு. இந்த முறை வந்த ஸ்டிக்கரில் அந்தக் கட்டத்தைச் சற்று மேலே தள்ளி அச்சடித்துவிட்டார்கள்.

மாயம்மாள் கீழே பேக்கிங் கூடத்தில், பிரிண்டருக்குப் பக்கத்தில் இருந்தாள். அறிவுச்செல்வி மாடியில், கம்ப்யூட்டருக்கு முன்னால். சத்தம் தாங்காமல் அந்தப் பழைய லைன் பிரிண்டரை எப்போதோ கீழே இறக்கிவிட்டிருந்தார்கள். தாள் எங்கே எத்தனை வரி நகர வேண்டும் என்று அதற்கு நிரல் எழுதுவதுதான் திண்டுக்கல் ஓரத்து அந்த நூல் மில்லில் அறிவுச்செல்வியின் வேலை. எழுத்து யாருடையதாகவும் இருக்கட்டும், நடுவில் விடும் வெற்றிடம் தன்னுடையது என்று நினைத்துக்கொள்வாள்.

மேனேஜர் பாண்டியராஜ் வாசலில் வந்து நின்றார்.

"சாயங்காலம் லோடு தூத்துக்குடிக்குக் கெளம்பணும்மா. முடியலைன்னா சொல்லிரு. கோயம்புத்தூர்க்காரன் புது மிஷின் தாரேங்கிறான். ஓட்டுறதுக்கு ஆளும் அவனே தாரேங்கிறான்."

அப்படியானால் தன் நாற்காலியில் வேறு யாரோ உட்காருவார்கள் என்பது அறிவுச்செல்விக்குப் புரிந்தது.

"ரெண்டு வரிதானே சார். இந்தா முடிஞ்சிரும்."

நிரலில் இரண்டு வரியைக் குறைத்தாள்.

"மாயக்கா, ஸ்டிக்கர் தாளை பிரிண்டர்ல இருக்கிற அம்புக்குறிக்கு நேரா வச்சிட்டீங்களா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீ அனுப்பு."

தகரத்தின்மேல் ஆலங்கட்டி விழுவதுபோல் கீழே பிரிண்டர் இரைந்து ஓய்ந்தது.

"இப்ப மேல ஏறிக்கிருச்சு. கட்டத்துக்கு மேல ரெண்டு வரி."

குறைத்திருக்கக் கூடாதோ? குறைத்ததைத் திரும்பச் சேர்த்து அனுப்பினாள்.

"ஐயய்ய, நாலு வரி எறங்கிருச்சே. நம்பர் அடுத்த ஸ்டிக்கர்ல குடியேறிருச்சு."

அறிவுச்செல்வி நான்கு வரியைக் குறைத்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"மொதல் நம்பரைக் காணோம் தாயி. தாளுக்கும் முன்னால, வெறும் உருளையில அடிச்சிருக்கு."

லாரி டிரைவர் படியேறி வந்தார். பழனிப் பக்கத்து ஆள்.

"ஏனுங்க, நான் சித்த நேரம் தூங்கலாமுங்களா, இல்ல வீட்டுக்குப் போயே தூங்கிட்டு வந்துரலாமுங்களா?"

"இங்கயே தூங்குங்கண்ணே," என்றாள் ஈனக்குரலில்.

அவர் போன பிறகு ஜன்னலைப் பார்த்தாள். சிறுமலைமேல் ஒரு மேகம் இறங்க மனமில்லாமல் நின்றது. நூல் நூற்கும் கதிர்களின் ரீங்காரம் சுவர்வழியே வந்துகொண்டேயிருந்தது. பஞ்சுத் துகள் ஒன்று வெயிலில் மிதந்தது, எங்கே உட்காருவதென்று அதற்கும் தெரியவில்லை. கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று அவளுக்கு நினைவில்லை. பிரிண்டரிலிருந்து தாள் புறப்பட்டுக் கூடத்தைத் தாண்டி, சாலையைத் தாண்டி, வெள்ளை ஓடையாக ஆத்தூர் அணைக்குள் இறங்கியது. லாட் நம்பர்கள் மீன்குஞ்சுகளாகக் கலைந்து நீந்தின. எதுவும் எந்தக் கட்டத்துக்குள்ளும் இல்லை. அதற்காக யாரும் அவளைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

இன்டர்காம் கரகரத்தது. "புதுக்கட்டு ஸ்டிக்கர் பூட்டி அம்புக்குறிக்கு நேரா வச்சிட்டேன் தாயி."

விழித்தாள். இனி யோசிக்க எதுவும் மிச்சமில்லை. கோயம்புத்தூர் ஆள் எப்படி இருப்பான், கண்ணாடி போட்டிருப்பானா என்றுதான் தோன்றியது. நான்கை அழித்துவிட்டு, முதலில் செய்த அதே திருத்தத்தை, அந்த இரண்டு வரியை, மறுபடி போட்டாள். அனுப்பிவிட்டு மேஜையில் தலைசாய்த்துக்கொண்டாள்.

இரைச்சல் ஓயவே இல்லை. நெடுநேரம் கழித்து இன்டர்காமில் பாண்டியராஜின் குரல் வந்தது.

"அறிவு, எல்லாம் கட்டத்துக்குள்ள அச்சா உக்காந்திருக்கும்மா. ஒட்டச் சொல்லிட்டேன். கோயம்புத்தூர்க்காரனுக்கும் வேணாம்னு போன் போட்டுட்டேன். மிஷினைவிட உன் மூளைதாம்மா பெருசு."

டிரைவரை எழுப்பி லாரியை அனுப்பினார்கள். வெற்றிடங்களின் அரசியாக, படியில் கால் பாவாமல் இறங்கினாள் அறிவுச்செல்வி. கேட் பக்கமிருந்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே மாயம்மாள் ஓடிவந்தாள்.

"கோவிச்சுக்காத தாயி. நீ மேல ஒத்தையாக் கஷ்டப்படுறியேன்னு, எம்புட்டு தப்பா வந்துச்சோ அம்புட்டுக்கு நானும் ஒவ்வொரு தடவையும் அம்புக்குறிக்கு நேரா வச்ச பொறவு, பிரிண்டர் குமிழைத் திருகித் தாளைத் தள்ளி வச்சுக்கிட்டேதான் இருந்தேன். கடைசித் தடவை மட்டும் டீ குடிக்கப் போயிட்டேன். ரொம்பக் கோணலா வந்துருச்சோ?"