பெயரில் 'ரங்க' இருந்தால் நிறுத்து

கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு அடக்கம் தாமதமாகத்தான் வரும். எனக்கு அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டெலிபோன் வழியாக வந்தது.

எண்பதுகளின் கடைசி. எங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர் தஞ்சாவூர் ரோட்டில் தொழிற்சாலைக்குள் இருந்தது. நான் கன்டோன்மென்ட் ஆபீசில் உட்கார்ந்து, டெலிபோன் லைன் வழியே அதை இயக்கும் புது புரோகிராமர். (பெண் பார்க்க வந்தவர்களிடமும் இதையே விளக்கி விரட்டியிருக்கிறேன்.)

தொழிற்சாலையில் ரங்கநாதன் என்ற இன்ஜினீயரின் புரோகிராம் அடிக்கடி சிக்கிக்கொண்டு, முடிவே இல்லாமல் ஓடும். மற்றவர்கள் வேலை நகராது. ஒவ்வொரு முறையும் நான்தான் இங்கிருந்து அதை நிறுத்த வேண்டும்.

அலுத்துப்போய் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். நிமிடத்துக்கு ஒரு தரம், ஓடுகிற வேலைகளை எல்லாம் பார். வேலைக்குச் சொந்தக்காரர் பெயரில் 'ரங்க' என்று இருந்தால் நிறுத்து. அடுத்தவர் வேலையை நிறுத்தும் அதிகாரம் ஆபரேட்டர் ஆரோக்கியசாமிக்குத்தான் உண்டு என்பதால், அவர் பெயரில் ஓடவிட்டேன்.

உடனே என் தொடர்பு அறுந்தது. (என் பெயர் ரங்கநாயகி. அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.) லைன் கோளாறு என்று காபி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் போன் அலறிக்கொண்டிருந்தது.

"மேடம், ஆரோக்கியசாமி பேசறேங்க. கம்ப்யூட்டர்ல யாருமே நிக்க முடியல. உள்ள போனா வெளிய தள்ளுது."

"யாரை?"

"ரங்கராஜன் சார், ரங்கசாமி சார், ரங்கமணி மேடம். டெல்லிக்காரங்களுக்கு மெஷினைக் காட்டிட்டிருந்த நம்ம மேனேஜர் ரங்காச்சாரி சாரையும்தான்."

தொழிற்சாலையில் பாதிப் பேர் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"ரங்கநாதன் சார்?"

"அவரு இன்னைக்கு லீவுங்க."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையா?"

"மாதா புண்ணியத்துல இல்லீங்க."

ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, அவர் கையாலேயே அதை நிறுத்த வைத்தேன். பின்னணியில் மேனேஜர் குரல் கேட்டது.

"அந்தப் பொண்ணு பேர் என்னப்பா?"

"ரங்கநாயகி சார்."

"அவளும் வெளியதானா?"

"ஆமாங்க."

"சரி, போகட்டும்."

பாவம், ரங்கராஜன்தான் நிஜமாகப் பாதிக்கப்பட்டவர். காலையிலிருந்து ஓடிய அவருடைய பம்ப் டிசைன் கணக்கு முழுக்கப் போயிற்று. மன்னிப்புக் கேட்கப் போனேன். பேச்சு நீண்டது. அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம்.

மகன் பிறந்ததும் ரங்கநாதன் என்று பெயர் வைக்கச் சொன்னார் மாமியார். என் கணவர் தொட்டிலைப் பார்த்தபடி, "வேண்டாம்மா. இவ திரும்ப வேலைக்குப் போகப் போறா" என்றார்.

பையன் பெயர் முரளி. ஏன் என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர் இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறார். மருமகளுக்கு நிச்சயதார்த்தத்திலேயே சொல்லியாகிவிட்டது.