குரங்குக்கு நிதி ஒதுக்காதவன்

வரவு செலவுத் திட்டம் போடுகிறவனை நம்பலாம். அதை லாமினேட் செய்து சுவரில் மாட்டுகிறவனை மட்டும் நம்பவே கூடாது. நான் மாட்டினேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. கண்டியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு லிகிதர். (கிளார்க்தான். லிகிதர் என்று சொன்னால் நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.) நகரை ஒட்டிய அம்பிட்டியவில் நாங்கள் வாங்கிய வீட்டோடு, படுக்கையறைச் சுவரில் ஓட்டை போட்டுப் பொருத்திய பழைய பெட்டி ஏசி ஒன்றும் வந்து சேர்ந்தது. கண்டி என்றாலே குளிர் என்று கொழும்பு ஆட்கள் ஸ்வெட்டரோடு வந்து இறங்குவார்கள். சித்திரை மாதம் எங்கள் அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழ் ஒரு மத்தியானம் படுத்துப் பார்த்தால் தெரியும். அப்படியொரு சித்திரையில்தான் அந்தப் பெட்டி செத்துப்போனது. என் மனைவி கோமதிக்கு அப்போது ஏழாம் மாதம்.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். தாய் வீடு மடுல்கெல்லயில், தேயிலைத் தோட்டத்தில். மாமனார் அங்கே கணக்கப்பிள்ளை. நான்தான் அனுப்ப மாட்டேன் என்று நின்றேன். கண்டியில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று வெளியே சொன்னேன். உண்மையில், பிள்ளையின் முதல் அழுகையை நான் கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மாமியார் நிபந்தனையோடு சம்மதித்தார்.

"சரி மாப்ள, இங்கயே இருக்கட்டும். ஆனா எம் புள்ள புழுக்கத்துல வேகக் கூடாது. ஞாயித்துக்கிழம வந்து பாப்பேன். ரூமு சில்லுன்னு இல்லன்னா கையோட கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

உடனே உட்கார்ந்து திட்டம் போட்டேன். புது ஏசி, தாங்கி, செப்புக் குழாய், வயர், கூலி, வேன் வாடகை, வேலைக்காரர்களுக்குப் பிளேன்டீ, பிஸ்கட். பழைய பெட்டியைக் கொடுத்தால் கடையில் கொஞ்சம் கழிப்பார்கள், அதுவும் உண்டு. கடைசி வரி: எதிர்பாராச் செலவு, பூச்சியம்.

"ஏங்க, அதுல ஏதாச்சும் போட்டு வைங்களேன்," என்றாள் கோமதி.

"எதிர்பாராததையெல்லாம் நான் ஏற்கெனவே எதிர்பாத்தாச்சு," என்றேன்.

இப்படிப் பேசுகிறவனைக் கன்னத்தில் அறையலாம். அவள் நல்லவள், சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

சனிக்கிழமை கலகெதரயிலிருந்து ரிஸ்வான் என்ற மெக்கானிக் வந்து புது ஏசியை எதிர்ச்சுவரில் பொருத்தினான். பழைய பெட்டியைக் கழற்றி வேனில் ஏற்றினான். பெட்டி இருந்த இடத்தில் ஓர் ஓட்டை. ஆட்டுக்குட்டி ஒன்று தாராளமாகப் படுத்துத் தூங்கலாம்.

"சேர், இதை அடைக்க மேசன் பாஸ் ஒருத்தரைக் கூப்பிடுங்க. அது எங்கட வேலை இல்ல. பின்னால பலா மரமும் நிக்கிது."

"பலா மரத்துக்கும் ஏசிக்கும் என்ன தம்பி சம்பந்தம்?"

"ஏசிக்கு ஒண்ணும் இல்ல சேர்," என்று சொல்லிவிட்டு ரிஸ்வான் பிளேன்டீயைக் குடித்தான்.

நான் திட்டத்தைப் பார்த்தேன். மேசனுக்கு வரி இல்லை. சேர்க்கலாம் என்றால் லாமினேட்டில் பேனா வழுக்கியது. வழுக்கியதால் மேசன் தேவையில்லை என்று முடிவு செய்தேன். (சத்தியமாக இதுதான் காரணம்.)

மாமியார் அனுப்பியிருந்த பெரிய கலண்டர் ஒன்று இருந்தது. அதில் கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படம். பிள்ளைத்தாச்சி அழகான முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பிறப்பதும் அப்படியே பிறக்கும் என்பது அவர் கட்சி. அதை ஓட்டையின் மேல் வைத்து நாலு மூலையிலும் டேப் ஒட்டினேன். அளவெடுத்தது போலப் பொருந்தியது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிறு பத்து மணிக்கு மாமியாரும் மாமனாரும் வந்தார்கள். கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பைக் கதிரையில் வைத்துவிட்டு மாமியார் கட்டிலில் கோமதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ரிமோட்டை அழுத்தினேன். அரை மணி நேரமாகியும் அறை குளிரவில்லை.

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திட்டத்தை வரி வரியாக வாசித்தார். "கணக்கு சரியாத்தான் இருக்கு. காத்தும் சில்லுன்னுதான் வருது. ஆனா எங்கயோ போயிருதே மாப்ள? பழைய பெட்டி இருந்த எடத்த என்னா செஞ்சீங்க?"

"அது... அலங்காரம் பண்ணியாச்சு மாமா."

அந்த நேரம் பார்த்துக் கலண்டர் குழந்தையின் கன்னம் உப்பியது. பிறகு நெற்றியைக் கிழித்துக்கொண்டு ஒரு கறுப்பு விரல் வந்தது. டர்ரென்று ஒரு சத்தம். குழந்தையின் முகம் இருந்த இடத்தில் ஒரு குரங்கின் முகம்! கீழே கொழுகொழு உடம்பு அப்படியே இருந்தது. குரங்கு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. கோமதியைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தது. பிறகு குதித்து, சீப்போடு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே பலா மரத்துக்குப் போய்விட்டது.

"ஐயோ முருகா! புள்ளத்தாச்சி நேருக்கு நேரா பாத்துட்டாளே!" என்று அலறினார் மாமியார்.

கோமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காதடி! எந்திரி, பெட்டிய எடு!"

அரை மணி நேரத்தில் வேன் வாசலுக்கு வந்துவிட்டது. மாமனார் போகும்போது திட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார். "இத வச்சு அடைங்க மாப்ள. தண்ணியும் போகாது."

திங்கட்கிழமை மேசன் பாஸ் வந்து ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்தார். அறை அருமையாகக் குளிர்ந்தது, எனக்கு மட்டும். சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி மடுல்கெல்லக்குப் போனேன். அங்கே காசில்லாத குளிரில் எல்லோரும் கம்பளி போர்த்திக்கொண்டு சுகமாக இருந்தார்கள்.

பிள்ளை பிறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அலுவலகத்துக்குப் போன் வந்தது. வளைந்து வளைந்து ஏறிய பஸ்ஸில் நான் போய்ச் சேர்ந்தபோது, மகளைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துத் தூங்கவே வைத்துவிட்டார்கள். முதல் அழுகையை நான் கேட்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு வலிக்கும். மாமியார் பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூஞ்சியில் பழுதில்லை என்று பெருமூச்சு விட்டார். ஒரு வயதில் அது அலுமாரி மேல் ஏறியபோது என்னைத்தான் முறைத்தார்.

அந்த ஏசியும் அதற்குப் பின் வந்ததும் போய், இப்போது மூன்றாவது வாங்குகிறோம். மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கிறாள். தாய் வீடு என்றால் இப்போது எங்கள் வீடு! செலவுக் கணக்கை அவளே எழுதினாள். எங்கள் வீட்டில் கல்யாணமோ கூரை வேலையோ, எந்தக் கணக்கானாலும் முதல் வரி ஒன்றுதான்: குரங்கு. நான் அதற்கு நேரே ஒரு நல்ல தொகையை எழுதினேன்.

கோமதி புதிதாக ஒரு குழந்தைக் கலண்டர் வாங்கி வந்திருக்கிறாள். மாட்டுவதற்கு முன் சுவரை மூன்று முறை தட்டிப் பார்த்தாள்.