மூன்றாம் பாட்டின் டிரம்மர்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய சித்தப்பா சமூகத்துக்கு,

இதனால் தங்களுக்கு அறிவித்துக்கொள்வது என்னவென்றால், நம் வீட்டு நடு அறையின் துணி அலமாரி, நீண்ட நாள் கலைச்சேவைக்குப் பிறகு, நேற்று முதல் மீண்டும் துணி வைக்கும் பணிக்குத் திரும்பிவிட்டது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தை அம்மா தினமும் சித்தியிடம் ஃபோனில் சல்லடை போட்டு விசாரித்துவிடுவதால், நானும் விசாரித்து உங்களைக் களைப்படையச் செய்ய விரும்பவில்லை.

அலமாரிக்கும் கலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அக்கா ஆல்பம் போட்டது தெரியுமல்லவா? ராக் இசை, அதிலும் கம்பெனி எதையும் நம்பாமல் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி, தானே திட்டு வாங்கிக்கொள்ளும் வகை. ஸ்டூடியோவுக்குப் போக வசதியில்லாததால் அலமாரிக்குள் போர்வைகளுக்கும் அப்பாவின் சட்டைகளுக்கும் நடுவே மைக்கைத் தொங்கவிட்டாள். துணி எதிரொலியை விழுங்கிவிடுமாம். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் வெளியே ஒருவரும் தும்மக்கூடாது, மின்விசிறி சுற்றக்கூடாது, குக்கர் கூவக்கூடாது. ஒருநாள் அப்பா குளித்துவிட்டுத் துண்டோடு வந்து அலமாரி வாசலில் வெகுநேரம் நின்றார். அவருடைய சட்டைகள் உள்ளே காதல் தோல்விப் பாட்டுக்குத் துணை போயிருந்தன. பாட்டு அவளுடையது, பாடு எங்களுடையது.

உங்கள் அண்ணனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பக்கத்து அறையில் உட்கார்ந்து ஊரார் வாஷிங் மெஷின்களுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர், பெற்ற மகளின் பாட்டை மட்டும் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. அம்மா குறைப்பட்டுக்கொண்டால், “கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன், சுவர் மெல்லிசுதானே” என்பார். ஆனால் ஆல்பம் வெளியாகி, யார் யாரோ பாராட்டி எழுதியதையெல்லாம் நான் வாசித்துக் காட்டியபோது அவள் கேட்டது ஒன்றுதான்: “அப்பா கேட்டாராடா?”

இனி என் பெருமை. டிரம் வாசித்துக்கொண்டிருந்த அக்காவின் தோழி வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அந்த நெருக்கடியில்தான், என் பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய டிரம் குச்சிகளோடு நான் களத்தில் குதித்தேன். விளைவு மூன்றாம் பாட்டு. இசைப் பத்திரிகை ஒன்று என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? “மூன்றாம் பாட்டின் பெயர் தெரியாத டிரம்மருக்கு வணக்கம். அவசரமில்லாத, சற்றே நொண்டுகிற, ஈரம் கனத்த அடி. இந்த நிதானம் அனுபவத்தால் மட்டுமே வரும்.” அதை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். தலை சீவும்போதெல்லாம் எனக்கு நானே வணக்கம் வைத்துக்கொள்கிறேன். வகுப்பில் இருவருக்குக் கையெழுத்தும் போட்டாயிற்று. அதில் ஒருவன் கேட்கவில்லை.

இந்த விமர்சனத்தை அம்மா அப்பாவிடம் உரக்கப் படித்ததும், அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்து, “போடு” என்றார். அக்கா அவர் காதில் ஹெட்போனை மாட்டினாள். அவள் முதலில் இடம் வலம் மாற்றி மாட்டியதை நான் கிண்டல் செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும். முதல் பாட்டுக்கு அப்பா சிலை. இரண்டாவதுக்குக் கால் கட்டைவிரல் அசைந்தது. மூன்றாவது தொடங்கியதும் புருவம் நெளிந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து பட்டறை அறைக்குப் போய்விட்டார். அக்கா அலமாரியிலிருந்து மைக்கை அவிழ்த்துச் சுற்றத் தொடங்கினாள்.

அப்பா திரும்பி வந்தார். “மூணாவதை முதல்லேர்ந்து போடு” என்றார். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் பாட்டுவரை அசையாமல் கேட்டார். முடிந்ததும், “கடைசிப் பாட்டுல நீ மூச்சு இழுக்கிறது கேக்குது. யாராவது அதை எடுக்கச் சொன்னா எடுத்துடாதே” என்றார். அக்கா அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மைக் இல்லாமல் அவள் அதற்குள் போனது அதுதான் முதல் தடவை.

வரும் வாரம் மேடைக் கச்சேரி. சித்தியோடு அவசியம் வரவும். கைதட்டுவதற்கான கைகளை மறக்காமல் எடுத்து வரவும். சித்திக்கு என் அன்பு, பாப்பாவுக்கு என் கையெழுத்து, உங்களுக்கு என் நெடுஞ்சாண்கிடையான வணக்கம்.

இப்படிக்கு,
புகழின் பாரம் தாங்காமல் குனிந்து நடக்கும்
வால்

பி.கு.: அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டாள். உண்மையை எழுதாவிட்டால் ஆல்பத்தின் நன்றி வரியிலிருந்து என்னைத் தூக்கிவிடுவாளாம். ஆகவே எழுதுகிறேன். நான் டிரம் வாசித்தது நிஜம். ஒருமுறை கேட்டுவிட்டு அக்கா என்னை அறையைவிட்டு வெளியே அனுப்பியதும் நிஜம். அந்த நேரம் பட்டறையில் டீச்சர் வீட்டு மெஷின், பேரிங் தேய்ந்து, ஈரத்துணியோடு தடக் தடக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது. மெல்லிய சுவர் வழியாக அது மைக்கில் ஏறிவிட்டது. அக்கா அதற்கேற்பவே பாடிவிட்டாள். பத்திரிகை வணக்கம் வைத்தது அந்த மெஷினுக்கு. அப்பா எழுந்து போனதும் அதனால்தான்: தான் சரிசெய்தும் டீச்சர் இன்னும் எடுத்துப்போகாத மெஷின் சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடி நொண்டுகிறதோ என்று பதறி ஓட்டிப் பார்க்கப் போயிருக்கிறார். அது பூனைபோல் சத்தமில்லாமல் ஓடியதாம்.

“அப்போ மேடையில தாளத்துக்கு என்னப்பா பண்றது?” என்று அக்கா கேட்டாள். அப்பா பழைய சாமான் டப்பாவைக் கிளறி, டீச்சர் மெஷினிலிருந்து கழற்றிப் போட்ட அந்தத் தேய்ந்த பேரிங்கை எடுத்து, அதே மாடலான நம் வீட்டு மெஷினில் மாட்டிவிட்டார். “நல்லா ஓடற மெஷினை வேணும்னே கெடுக்கறது இதான் முதல் தடவை. வெளியே சொல்லிடாதீங்க” என்றார். இப்போது ஒரு காதில் மூன்றாம் பாட்டோடு, “இன்னொரு போர்வை போடு, தாளம் ஓடுது” என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மெஷின் சாயாமலிருக்க, நீங்கள் அனுப்பிய குச்சிகளில் ஒன்றைப் பிளந்து அதன் காலுக்கு ஆப்பு வைத்திருக்கிறார், எனக்கும்தான். மேடையில் என் வேலை சுவிட்ச் போடுவது. நீங்கள் கைதட்டும்போது கொஞ்சம் பிளக் பக்கமாகவும் பார்த்துத் தட்டுங்கள், சித்தப்பா.