கருப்பாத்தாள் கும்மிக்குப் பட்டணத்தில் ஒரு ஜாகை

கொழிஞ்சாம்பாறை,
பங்குனி மாதம், சந்தைக்கு மறுநாள்.

சென்னைப்பட்டணம் கொத்தவால் சாவடி உருளைக்கிழங்கு மண்டியில் எடை எழுதும் மகாராஜராஜஸ்ரீ மச்சான் ரத்தினசாமி அவர்களுக்கு, உங்கள் தங்கை கருப்பாத்தாளைக் கட்டிய கந்தப்பன், பட்டணம் எந்தத் திக்கில் இருக்கிறதென்று விசாரித்து அந்தத் திக்கைப் பார்த்துக் கும்பிட்டு எழுதிக்கொண்டது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே நாங்களும் மாடு கன்றுகளும் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்கும் உங்கள் வீட்டு அக்காவின் முழங்கால் வலிக்கும் பதில் எழுத வேண்டியது.

இப்பவும் சேதி என்னவென்றால், உங்கள் தங்கையின் குரலைத் தட்டில் ஏற்றப் போகிறார்கள். சாப்பாட்டுத் தட்டு என்று நினைத்துவிட வேண்டாம். கிராமபோன் பெட்டியில் சுற்றுகிற கறுப்புத் தட்டு. போன மாதம் மாரியம்மன் நோம்பியில் பெண்கள் கும்மி கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பொள்ளாச்சி பஸ் தண்ணீர் வற்றிக் கோயிலுக்கு முன்னால் நின்றுவிட்டது. அதிலிருந்து கோட்டும் தலைப்பாகையுமாக ஒருவர் இறங்கினார். சுங்கச் சாவடி உத்தியோகஸ்தர், கள்ளப் புகையிலை தேடி வந்திருக்கிறார் என்று நினைத்து ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் மெல்ல நழுவிவிட்டோம். அவரோ புகையிலையைப் பற்றி மூச்சு விடவில்லை. பஸ்ஸுக்குத் தண்ணீர் ஊற்றி, ஹாரன் அடித்து, மற்றவர்கள் ஏறி உட்கார்ந்து திட்டத் தொடங்கிய பிறகும் பாட்டு முடிகிற வரைக்கும் அசையாமல் நின்றார். முடிந்ததும், “எல்லாருக்கும் முன்னால் எடுத்துக் கொடுக்கிறதே ஒரு குரல், அது யாருடையது அம்மா?” என்று கேட்டார். கும்மிக்காரிகள் அத்தனை பேரும் கருப்பாத்தாளைக் காட்டினார்கள். அவர் பட்டணத்தில் ஒரு கிராமபோன் கம்பெனிக்கு ஏஜண்டாம். பட்டணம் வந்து ஒரு தட்டின் இரண்டு பக்கமும் பாட வேண்டும், இரண்டு பேருக்கு ரயில் டிக்கெட் கம்பெனியே கொடுக்கும் என்றார். கருப்பாத்தாள் சுற்றுமுற்றும் பார்த்து என்னைத் தேடினாள். நான் தேருக்குப் பின்னால் இருந்து வந்து, “இவளைக் கட்டினவன் நாந்தானுங்க” என்றேன். இத்தனை வருஷத்தில் அதை அவ்வளவு சத்தமாக நான் சொன்னதில்லை.

அது முதல் சந்தையில் எனக்கு இருக்கிற மரியாதையை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். தேங்காய் வியாபாரிகள் எழுந்து நின்று பேசுகிறார்கள். நான் பாடப்போகிறவன் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் சில பேருக்குச் சொல்வதில்லை. பட்டணப் பயணம் என்றால் முதலில் ஜாகை பார்க்க வேண்டும் அல்லவா. ஊரில் பட்டணத்தைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் பஸ் டிரைவர் பெரியமுத்து. ஆகையால் தினமும் பொழுதோடு அவனை வீட்டுக்கு அழைத்து, ராகிக் களியும் கோழிக் குழம்பும் போட்டு யோசனை கேட்டேன். ரயிலடிக்கு எதிரிலேயே சத்திரம் இருக்கிறது, கீழே மூட்டைப்பூச்சி, மேல்மாடி கேட்டு வாங்க வேண்டும் என்றான். பிறகு பார்க்க வேண்டிய இடங்களை அடுக்கினான். கோர்ட்டுக் கட்டடத்தின் தலையில் விளக்கு எரிந்து கப்பல்காரனுக்கு வழி காட்டுமாம். மாடும் குதிரையும் இல்லாமல் டிராம் வண்டி ஓடுமாம். உயிர்க் காலேஜில் புலி, சிங்கம். செத்த காலேஜில் பாடம் பண்ணிய மிருகங்கள். கருப்பாத்தாள் குழம்பு ஊற்றிக்கொண்டே, “உசுரோட பாத்ததுக்கு அப்பறம் செத்ததை எதுக்குங்கண்ணா பாக்கோணும்?” என்று கேட்டாள். பெரியமுத்து யோசித்துவிட்டு, “செத்தது ஓடாதுங்க, நின்னு பாக்கலாம்” என்றான். அந்தப் பதில் எனக்குத் திருப்தியாக இருந்தது. அவள் விடவில்லை. “நீங்க அங்க எத்தனை நாள் இருந்தீங்க?” என்றாள். “பஸ்ஸுக்குச் சாமான் வாங்கப் போனனுங்க. சாமான் ரயிலடிக்கே வந்துருச்சு. அப்பிடியே திரும்பிட்டனுங்க.” மறுநாள் முதல் அவனுக்குக் கோழியை நிறுத்திவிட்டாள். ஆனாலும் சத்திரம் ரயிலடிக்கு எதிரில் என்பதால் அதை மட்டும் நம்பலாம் என்று நான் முடிவு செய்தேன்.

அதற்குள் ஏஜண்டிடமிருந்து ஒரு கார்டு வந்தது. தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான், அதற்குள் பாட்டு முடிய வேண்டும் என்று. உங்களுக்குத் தெரியும், மாரியாத்தா ஆனைமலையை விட்டுப் புறப்பட்டு, ஆற்றைத் தாண்டி, நம் ஊர் எல்லைக்கு வந்து சேர்கிற அந்தக் கும்மி, தொடங்கினால் நிலா உச்சிக்கு வந்துவிடும். பெரியமுத்து கைக்கடிகாரத்தோடு களத்தில் நின்றான். மூன்று நிமிஷமானதும் கையைத் தூக்கினான். கருப்பாத்தாள் அவனைச் சுற்றி வந்து பாடிக்கொண்டே போனாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

“ஏனுங்க, ஆத்தா இப்பத்தான் மலையடிவாரத்துக்கு வந்திருக்கறா. நடுரோட்டுல நிறுத்திப்போட்டு வரச் சொல்றீங்களா?”

“தட்டு அவ்வளவுதான் இருக்குதாம் கருப்பாத்தா.”

“அப்ப இன்னுங் கொஞ்சம் பெரிய தட்டா வாங்கச் சொல்லுங்க.”

கும்மியில் அவளுக்கு எதிர்க்குரல் கொடுக்கிற வேலாத்தாள்தான் வழி சொன்னாள். “இந்தப் பக்கத்துல ஆத்தாளை ஆத்தங்கரைல உக்கார வெச்சுப்போடலாம் அக்கா. தட்டைத் திருப்பிப் போட்டா, ஊருக்குக் கூட்டியாந்துக்கலாம்.” இப்படியாக ஒரு சிக்கல் தீர்ந்தது. அடுத்தது, அங்கே குரலைப் பிடிக்கிற ஒரு கம்பத்தின் முன்னால் நின்றுதான் பாட வேண்டுமாம். பழகட்டும் என்று நான் வேலிக்குச்சி நட்டு அதன் தலையில் மண்ணெண்ணெய் டப்பாவைக் கவிழ்த்து வைத்தேன். மனுஷ முகத்தைப் பார்க்காமல் பாட்டு வராது என்றாள். சரி என்று டப்பாவுக்குப் பின்னால் போய் நின்று என் முகத்தைக் காட்டினேன். இரண்டு அடி பாடி நிறுத்திவிட்டாள். “உங்க மூஞ்சியப் பாத்தா பாட்டு வரலீங்க, பருத்தி வித்த சண்டதான் நெனப்புக்கு வருது” என்றாள். கும்மிக்காரிகள் எதிரே நின்று கை தட்டினால்தான் பாட முடியும் என்று தீர்ந்தது. அவர்களை எப்படித் தனியாக அனுப்புவது என்று அவர்கள் புருஷன்மார் கேட்டார்கள். நியாயம்தானே. ஆகையால் புருஷன்மாரும் வருகிறார்கள்.

இந்த நேரத்தில்தான் என் பெரியப்பா மகன், ஊர்க் காரியம் பார்க்கிற கருப்பணன் அண்ணன், ஆள் விட்டு எங்களைக் கூப்பிட்டார். கோயில் முன்னால் பத்துப்பேர் உட்கார்ந்திருந்தார்கள். “ஏண்டா கந்தப்பா, குடியானவன் ஊட்டுப் பொம்பள கொரலை, டீக்கடைல கண்டவன் காசு குடுத்துத் திருகித் திருகிக் கேப்பான். அது உனக்குப் பெருமையா?” என்றார். வீட்டுக்கு வந்தோம். அதன் பிறகு கருப்பாத்தாள் பாடவில்லை. களை எடுக்கையிலும் பாடவில்லை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகையிலும் முணுமுணுக்கவில்லை. மச்சான், ஒரு வீட்டில் சத்தம் இல்லாமல் போவது என்னவென்று அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது. எருமை கூடச் சரியாகக் கறக்கவில்லை. போக வேண்டாம், தட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. “நீ போகோணும்னுதான் எனக்கு ஆசை. உன் கொரலை நாலு ஊரு கேட்டா எனக்கு என்ன கொறஞ்சுபோகுது?” என்றேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

வாசலில் நின்றபடியே சொன்னாள்: “மாமா, போன வருசம் உங்க வயல்ல நாத்து நட்டப்பப் பாடுனது நாந்தானுங்க. ரோட்டுல போன வண்டிக்காரன் எல்லாங் கேட்டுட்டுத்தான் போனான். அன்னிக்கு அவனுக காதுல பஞ்சா வெச்சிருந்தானுக? நீங்களே வரப்புல உக்காந்து, இன்னொருக்காப் பாடு கருப்பாத்தான்னு சொன்னீங்களே. உங்க வயலுக்குப் பாடுனா மானம், வெளியூருக்குப் பாடுனா மானக்கேடுங்களா?”

அண்ணன் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். நான் சாட்சிக்கு நிற்கிறவன் போல நின்றேன். கடைசியில் எச்சிலைத் துப்பிவிட்டு, “கடல்ல குளிச்சா சேத்துப்புண்ணு ஆறும்கறாங்களே, நெசமா?” என்று கேட்டார். அப்படியானால் அவரும் வருகிறார் என்று அர்த்தம். தரையில் படுத்து அவருக்கு வழக்கமில்லை, கயிற்றுக் கட்டிலும் வருகிறது.

ஆகவே மச்சான், நீங்கள் செய்ய வேண்டியதைச் சுருக்கமாக எழுதுகிறேன். சத்திரத்தில் மேல்மாடி சொல்லி வைக்க வேண்டியது. அண்ணனுக்கு மாடி ஏற முடியாததால் கீழேயும் ஓர் இடம். பெண்கள் குளிக்கக் கிணறு, களி கிளற அடுப்பு. கட்டிலை ரயிலடியிலிருந்து எடுத்து வர மண்டி வண்டி. வந்த அன்று கந்தகோட்டத்தில் சாமி கும்பிட்டுவிட்டு, பாட்டு முடிகிற வரைக்கும் யாரும் குளிர்ந்த தண்ணீர் குடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாட்டு முடிந்த பிறகு உயிர்க் காலேஜ், செத்த காலேஜ், கோர்ட்டு விளக்கு, டிராம் எல்லாம். டிராமில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நான் இறங்காமல் போய்வர வேண்டும், அதற்கு மட்டும் யாரும் என்னை அவசரப்படுத்தக் கூடாது. உங்கள் மண்டி முதலாளியிடம், வருகிறவள் உங்கள் கூடப்பிறந்தவள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் ஏன் சொல்லவில்லை என்று வருத்தப்படுவார். அக்காவுக்குச் சுக்கும் நல்லெண்ணெயும் கொண்டுவருகிறோம். உங்கள் எடையில் பிசகு வராமலும், பட்டணத்துக் காய்ச்சல் வாசலுக்கு வராமலும் ஆத்தா காக்க வேண்டும்.

இப்படிக்கு,
கிராமபோன் கருப்பாத்தாள் புருஷன்
கந்தப்பன்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு பஸ்ஸில் கொடுக்கப் போனபோது, அதே பஸ்ஸில் ஏஜண்டு வந்து இறங்கினார். களத்தில் கட்டி வைத்திருந்த மூட்டைகளையும், அவற்றின் மேல் உட்கார்ந்திருந்த ஜனத்தையும், அண்ணனின் கட்டிலையும் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “உங்கள் எல்லாரையும் பட்டணத்துக்குக் கொண்டுபோவதைவிட இயந்திரத்தைக் கோயமுத்தூருக்குக் கொண்டுவருவது சுலபம். சித்திரையில் கொண்டுவருகிறோம்” என்றார். நான் மூட்டைகளை அவிழ்க்கச் சொன்னேன். கருப்பாத்தாள் அவரிடம், “டிக்கெட்டு கொண்டாந்தீங்களா?” என்று கேட்டாள். அவர் யோசிக்காமல் எடுத்து நீட்டிவிட்டார். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அதுதான் பட்டணம் போகிற வேலையே இல்லையே என்றேன். “வேலை இருந்தாத்தான் போகோணுமுங்களா? பொறந்ததுல இருந்து எங்க போனாலும் வேலைக்குத்தான் போறேன். ஒருக்கா சும்மா போயிப் பாத்துட்டு வாரனுங்க” என்றாள். ஏஜண்டு என்னைப் பார்த்தார், நான் ஏஜண்டைப் பார்த்தேன். திருப்பிக் கேட்க இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை.

ஆகையால் மேலே எழுதிய யாரும் வரவில்லை. நானும் வரவில்லை, கடலைக்காட்டுக்குத் தண்ணீர் கட்ட ஆள் வேண்டுமாம். கருப்பாத்தாளும் வேலாத்தாளும் மட்டும் வெள்ளிக்கிழமை மெயிலில் ஏறுகிறார்கள். எந்தப் பெட்டி என்று தேடிக்கொண்டு ஓட வேண்டாம். ரயில் வந்து நின்றதும் கூட்டம் எந்தப் பெட்டி முன்னால் இறங்கிப் போகாமல் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறதோ, அங்கே போய், அவள் அண்ணன் நான்தான் என்று சத்தமாகச் சொல்லுங்கள்.